கூறு போட்ட மாத்திரை

ஒரு பலாப்பழத்தைத் துல்லியமாகச் சமபங்கு வைக்க முடியும் என்று நம்பியவர், எனக்குத் தெரிந்து, அந்த அக்கா ஒருவர்தான். பழத்தை நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதி என்று நீட்டிவிடுகிற ரகம் இல்லை. சுளைகளையெல்லாம் எடுத்து முறத்தில் பரப்பி, பெரிதையும் சிறிதையும் பிரித்து, நன்றாகப் பழுத்ததை ஒரு பக்கமும் சற்றுக் காயாக இருப்பதை ஒரு பக்கமும் ஒதுக்கி, அதற்குப் பிறகுதான் பங்கு. அதற்குள் எனக்கு நாக்கில் ஊறிய எச்சில் வற்றிப்போயிருக்கும். "அக்கா, ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று கெஞ்சினால், "இருங்க சார், அப்பறம் எங்கூட்டுக்காரருக்கு நல்லதா வந்துருச்சுன்னு நீங்க மனசுக்குள்ள நெனப்பீங்க" என்பார். நான் அப்படி நினைக்கிற ஆளில்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார்.

வங்கியில் எழுத்தராக வேலை கிடைத்து, முதல் போஸ்டிங்கே கொல்லிமலை என்று என்னைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்று மேலே அக்காவின் வீடு. அதை ஒட்டியிருந்த ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். சாப்பாடும் அவர்கள் வீட்டில்தான். அக்காவும் அவர் கணவரும் மட்டும் இருந்தார்கள். கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, உச்சிவரை ஏறி மிளகு பறிப்பதில் அந்தப் பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். பேச்சுத்தான் குறைவு. அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். அந்த ஒன்றில் மட்டும் பங்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது.

ஓரவஞ்சனை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அக்காவுக்குப் பொறுக்காது. ஒருநாள் எங்கள் வங்கிக்கு அடிவாரத்திலிருந்து ஒரு மிளகு வியாபாரி வந்தார். மேனேஜர் அவரை உள்ளே உட்காரவைத்து டீ வாங்கி வரச் சொன்னார். வெளியே வரிசையில் நின்றிருந்த அக்கா, கண்ணாடித் தடுப்பு வழியாக அதைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க, நாங்கெல்லாம் காலையில இருந்து நிக்கறமே, எங்க தொண்டை காயாதுங்களா? டீன்னா எல்லாத்துக்கும் டீ. இல்லாட்டி ஆருக்கும் வேண்டாம்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. வரிசையே திரும்பி மேனேஜரைப் பார்த்தது. அன்று வங்கியில் எல்லோரும் டீ குடித்தோம். நான் மட்டும் அக்காவைத் தெரியாதவன் மாதிரி குனிந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் மிளகு பறிப்புக் காலத்தில் எனக்குக் கல் வந்தது. சிறுநீரகத்தில் உருவாகி, அங்கிருந்து இறங்கி வரும் குழாயில் சிக்கிக்கொள்கிற கல். அந்த வலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் விலாவுக்குக் கீழே கை தானாகப் போகிறது. நிற்க முடியாது, உட்கார முடியாது, படுக்கவும் முடியாது. சிமெண்ட் தரையில் புழுவாக நெளிந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா, குனிந்து என்னைப் பார்த்துவிட்டு, "முதுவுல இருந்து அடிவயித்துக்கு எறங்குதுங்களா கண்ணு?" என்று கேட்டார். அவ்வளவு சரியாக எப்படிச் சொன்னார் என்று வலியிலும் ஆச்சரியமாக இருந்தது.

"எங்கூட்டுக்காரருக்கும் இதேதாங்க. தைக்கு முந்தி இருந்தே இருக்குது. ஆஸ்பத்திரின்னா வாயே தொறக்கமாட்டேங்கறாரு" என்றார்.

அண்ணன் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. அவருடன் பிறந்த மூத்தவர், ஏதோ சின்ன ஆபரேஷன் என்று சொல்லிக் கீழே போனவர், ஆம்புலன்ஸில்தான் மலையேறி வந்தார். உயிர் இல்லை. அதிலிருந்து அண்ணனுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரே அர்த்தம்தான். "சார் போறாரில்ல, அவருக்குத் தொணையாப் போங்க" என்று தந்திரமாகச் சொல்லித்தான் அக்கா அவரை என்னோடு பஸ் ஏற்றினார். அக்கா வரவில்லை. பறித்த மிளகு களத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் கல் சிறியது. குழாயின் கீழ்முனைக்கு வந்து நின்றிருந்தது. டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. "இந்த அளவுக் கல்லு பெரும்பாலும் தானாவே வந்துடும். குழாயைத் தளர்த்திவிடற மாத்திரை குடுத்தா இன்னும் சுலபம். டாம்சுலோசின், சிலோடோசின்னு ரெண்டு இருக்கு. ரெண்டுமே வழக்கமாக் குடுக்கறதுதான். எது கல்லைச் சீக்கிரம் எறக்குது, எதுல வலி கம்மி, எதுல தலைசுத்தல் கம்மின்னு ஒப்பிட்டுப் பாத்துட்டிருக்கோம். இஷ்டம்னா நீங்களும் சேரலாம். வேண்டாம்னாலும் வைத்தியம் உண்டு" என்றார். நான் இருந்த வலியில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அண்ணன், ஆபரேஷன் இல்லை என்று தெரிந்ததும் போட்டுவிட்டார்.

நர்ஸ் ஆளுக்கு ஒரு மாத்திரைப் பெட்டி கொடுத்தார். இராத்திரி சாப்பிட்டதும் ஒரு கேப்சூல். முழுதாக விழுங்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வலி வந்தால் போட வேறு மாத்திரை. சிறுநீரை வடிகட்டியில் பிடித்து, கல் விழுந்தால் எடுத்து வைக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடிவர வேண்டும். கல் இறங்காவிட்டால் அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு உள்ளே குழாய் விட்டு எடுப்பார்கள். "ஏணி, மரம் எதுவும் ஏறாதீங்க" என்று அண்ணனிடம் தனியாகச் சொன்னார்கள். ஆண்களுக்கு மட்டும் உரிய ஒரு பக்கவிளைவைப் பற்றி டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதைக் கேட்டு அண்ணன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

மலைக்குத் திரும்பியதும் அக்கா செய்த முதல் வேலை, இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். என்னுடைய கேப்சூல் இரண்டு நிறத்தில் பளபளவென்று இருந்தது. அண்ணனுடையது வெறும் வெள்ளை.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோவுதானுங்களே?"

"ஆமாக்கா."

"அப்பறம் ஏன் மருந்து வேற வேற?"

நான் எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். எது நல்லது என்று பார்க்கிறார்கள் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு அர்த்தம் சம்மதம் இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. "ரெண்டு பேரும் மறந்துருவீங்க. எங்கிட்டயே இருக்கட்டும்" என்று பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். மறுநாள் சோளக்காட்டுக் கடையில் ஒரே மாதிரி இரண்டு டீ வடிகட்டி வாங்கிவந்து, மாறிவிடக் கூடாது என்று அண்ணனுடையதன் பிடியில் சிவப்பு நூல் கட்டினார். வாழைத்தண்டுச் சாறு இரண்டு டம்ளர், கொள்ளு ரசம் இரண்டு கிண்ணம். டம்ளர்களைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துத்தான் கொடுப்பார்.

மாத்திரை தேனில் குழைந்து வந்தது. "வெறும் மாத்திரை வயித்தப் பொரட்டும்" என்றார். நானும் அண்ணனும் நக்கிச் சாப்பிட்டோம். கேப்சூல் எங்கே என்று இரண்டு தடிமாடுகளில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். சோறு போடுகிற கையைச் சந்தேகப்படுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

எனக்குக் காலையில் எழுந்து நின்றால் தலை சுற்றியது. டாக்டர் சொன்னதுதானே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அண்ணன் யார் பேச்சையும் கேட்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நல்லவேளை, நாலு கணு ஏறுவதற்குள் கண் இருட்டி, ஏணியைக் கட்டிக்கொண்டு அப்படியே வழுக்கி இறங்கிவிட்டார். முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தபோது அக்காவின் முகத்தில் இரத்தம் இல்லை.

அவர் என் அறை வாசலுக்கு வந்து நின்றார். "சார், நாந்தானுங்க அந்த மாத்திரையப் பிரிச்சேன்" என்றார்.

தினமும் இரண்டு கேப்சூலையும் திறந்து, ஒன்றில் இருந்த குருணையையும் இன்னொன்றில் இருந்த பொடியையும் ஒன்றாகக் கொட்டி, இடிகல்லில் நசுக்கி, தட்டில் இரண்டு சமக் கூறாகப் பிரித்து, தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். எது நல்ல மருந்தோ, அது இரண்டு பேருக்கும் பாதிப் பாதி போய்ச் சேரட்டும் என்று. எனக்கு முதலில் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன். மூன்று பேரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். வளைவுக்கு வளைவு அக்கா அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் முழுக்கக் கேட்டார். முதலில் இரண்டு பேருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தார். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, அந்தக் குருணை மெதுவாக் கரையறதுக்குன்னே செஞ்சது. அதை நசுக்கினா மொத்தமா ஒரே நேரத்துல எறங்கும். தலை சுத்தாம என்ன செய்யும்? இவர் ஏணியில இருந்து விழுந்திருந்தா?"

"தப்புத்தாங்க" என்றார் அக்கா. ஆனால் அதோடு நிற்கவில்லை. "ஆனா நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? சாரு பேங்குல இருக்கறவரு. எங்கூட்டுக்காரரு மரமேறி. நீங்க ஆளப் பாத்துத்தான குடுத்தீங்க? நல்லது அவருக்கு, மிச்சம் இவருக்கு. எங்களுக்கு எப்பவும் அப்பிடித்தானுங்களே."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரே முறத்தில் சுளை பங்கிட்டுச் சாப்பிட்ட வீட்டில், என் பளபளப்பான கேப்சூல் அக்காவை இத்தனை நாள் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைத் தேன் என்று நக்கியிருக்கிறேன்.

டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டு, ஒட்டி மூடிய உறை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அக்கா கையில் கொடுத்தார். "இதை வெளியில இருந்து பாத்துச் சொல்லுங்க, உள்ள எந்த மருந்து பேரு இருக்குன்னு."

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தெரியலீங்க."

"எனக்கும் தெரியாது. ஆள் வந்து சம்மதம் சொன்ன பின்னாடி அடுக்குல இருக்கற அடுத்த உறையைப் பிரிப்போம். என்ன வருதோ அதுதான். பேங்க்காரரா, மரமேறியான்னு இந்தக் காகிதத்துக்குத் தெரியாதும்மா."

அக்கா உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதுவு காட்டிப் பேரு சொல்றாப்பலயா?" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. அக்கா சொன்னார். அவர்கள் ஊரில் கிடா வெட்டினால் கறியை இலைகளில் கூறு வைப்பார்கள். ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்பவர், எந்தக் கூறு என்று தெரியாமலே ஒரு வீட்டின் பேரைச் சொல்வார். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. எலும்பு அதிகமா, ஈரல் கிடைத்ததா என்ற பேச்சே கிடையாது.

"அதேதாம்மா. பேரு சொன்ன பின்னாடி கூறை மாத்தலாமா?"

"மாத்துனா குத்தமுங்க. ஊர்ல சேத்துக்கமாட்டாங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது கேட்ட கேள்வி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "அப்ப நெசமாவே எது ஒசத்தின்னு உங்களுக்கே தெரியாதுங்களா டாக்டரு?"

"தெரிஞ்சிருந்தா ரெண்டு பேருக்கும் அதையேதானம்மா குடுத்திருப்பேன்."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். டாக்டருக்கு ஒன்று தெரியவில்லை என்பதைக் கேட்டு இத்தனை நிம்மதி அடைந்த இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

எங்கள் இரண்டு பேரின் விவரத்தையும் ஒப்பீட்டில் சேர்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி வழக்கமான வைத்தியம். "ரெண்டு பேருக்கும் ஒண்ணே குடுத்துருங்க" என்று அக்கா கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே டாம்சுலோசினை எழுதினார். "முழுசா முழுங்கணும்" என்று அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்.

சில நாட்கள் போயின. ஒரு காலையில் என் வடிகட்டியில் டக்கென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால், பழுப்பு நிறத்தில், முள்முள்ளாக, உடைந்த மிளகைப் போல ஒரு துணுக்கு. இவ்வளவுதானா நீ என்று அதனிடம் கேட்டேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கத்திக் கூப்பாடு போட வாயைத் திறந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் முனகுகிற சத்தமும் அக்காவின் குரலும் கேட்டன.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க சாமி. உங்களுக்கு மட்டுமா? பக்கத்துல அந்தப் பையனும் இதே வலியத்தான தாங்கிக்கிட்டுக் கெடக்குது."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் அந்த வலியைத் தாங்குவது நானும் அதில் பாதியைச் சுமக்கிறேன் என்ற நம்பிக்கையில்தான். நான் இறக்கி வைத்துவிட்டேன் என்று தெரிந்தால் அவருக்கு மொத்தமும் கனக்கும். ஸ்கேன் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "கொழாய் கிழாய் உடறதுன்னா நான் வரலை. இங்கயே கெடந்து போயிக்கறேன்" என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்திருந்தார். அவர் பேசுவதே குறைவு. அதிலும் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கல்லைத் தீப்பெட்டியில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். மாத்திரையை மட்டும் யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டு, வடிகட்டியும் கையுமாக வழக்கம்போல நடமாடினேன். வாழைத்தண்டுச் சாற்றை முகத்தைச் சுளிக்காமல் குடித்தேன். அவ்வப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகவும் செய்தேன். ஒருநாள் பக்கத்தை மாற்றிப் பிடித்துவிட்டேன். "வலி வலப்பக்கமில்லீங்களா சார்?" என்றார் அக்கா. "அது சுத்திச் சுத்தி வருதுக்கா" என்றேன். பாவம், நம்பிவிட்டார்.

ஸ்கேனுக்கு முந்தின நாள். வங்கியில் நல்ல கூட்டம். அக்கா வாசலில் இருந்தே கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் சிவப்பு நூல் கட்டிய வடிகட்டி. வரிசையைப் பார்க்கவில்லை, மேனேஜரைப் பார்க்கவில்லை. நேராக என் கவுண்டருக்கு வந்து வடிகட்டியைக் கண்ணாடித் துவாரம் வழியாக நீட்டினார்.

"வந்துருச்சுங்க! தோட்டத்துல வெச்சு! பாருங்க சார், இத்துனூண்டு! இதுக்கா அந்தப் பாடு!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குள் போனார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று வடிகட்டியை இழுத்துத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது. "உங்களுக்கும் வந்துரும் கண்ணு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இழவு வீடு மாதிரி இருந்தது. அண்ணன் வாசலில் முகத்தை வலிய இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல் இறங்கினால் அடிப்பதாக வேண்டிக்கொண்ட சேவல் அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. "சாருக்கும் எறங்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று அக்கா சொல்லிவிட்டாராம். சிரிக்கவும் கூடாதாம். மரண பயத்திலிருந்து மீண்ட மனுஷன், என் முன்னால் சிரிக்கக் கூடாது என்று கன்னத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அறைக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துவந்து அக்காவின் உள்ளங்கையில் கவிழ்த்தேன். "எனக்கு அன்னிக்கே வந்துருச்சுக்கா. அண்ணன் மனசு விட்டுருவாரேன்னு சொல்லலை" என்றேன்.

அண்ணன்தான் முதலில் சத்தம் போட்டார். "அடத் தம்பி! அப்ப அந்த முக்கலும் முனகலும்?" என்று கேட்டுவிட்டு, அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

அக்கா சிரிக்கவில்லை. அந்தத் துணுக்கை விரலால் மெதுவாகப் புரட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தபோது, பார்வையில் கோபம் இல்லை. பசியோடு படுத்துவிட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"இத்தன நாளு தனியாவா சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேவலைப் பிடிக்க எழுந்து போனார்.